மொட்டு மார்க் லவங்கத் தைலம்

சவுக்குமேட்டுக் குப்பம்,
மாமல்லபுரம் வழி.
14-8-1974

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

இது மனைவி கணவனுக்கு எழுதும் கடிதம் அல்ல. இந்தக் குப்பத்துத் துணை சுகாதார நிலையத்தின் செவிலி, செங்கல்பட்டில் லவங்கத் தைலம் அடைத்து விற்கும் ஒருவருக்கு எழுதுவது. அப்படியே எடுத்துக்கொண்டு படிக்கவும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முனியம்மா என்பவள் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தையின் பெயர் சாந்தா, இரண்டு வயது. கண் மேலே சொருகியிருந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பின்னாலேயே பாதிக் குப்பம் வந்துவிட்டது. "காத்து பட்டுகீது, வேப்பல அடிங்க" என்று ஒருவர் சொன்னார். ஒருத்தி சொம்பில் உப்புத் தண்ணீர் கரைத்து வந்து வாயைப் பிளந்து ஊற்றப் பார்த்தாள். தொண்டையில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று நான் குனிந்தேன். குழந்தையின் மூச்சில் லவங்கம் அடித்தது.

அந்த வாசனையில் எனக்குச் சந்தேகம் வராது. உங்கள் வீட்டில் நான்கு வருஷம் இருந்தவள் நான்.

"வூட்ல பல்லுவலி மருந்து வச்சிருந்தியா?" என்று கேட்டேன். "ஆமா நர்சம்மா, சின்ன பாட்டிலு. பாயாண்ட வச்சிருந்தேன்" என்றாள். ஆள் அனுப்பித் தேடியதில் பாயின் அடியில் காலி பாட்டில் கிடைத்தது. தக்கை தனியாகக் கிடந்தது. அதில் பல் பட்ட தடம் இருந்தது. உப்புத் தண்ணீரைக் கீழே கொட்டச் சொன்னேன். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் அதுதான் சரி என்று பட்டது. மீன் ஏற்ற வந்த வேனை மறித்து, குழந்தையையும் அதன் தகப்பன் சடையனையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அது கண் திறக்கவில்லை.

பாட்டிலில் லேபிள் இல்லை. டாக்டர் கேட்பது இரண்டு விஷயம். அந்த அளவு பாட்டிலில் எத்தனை மில்லி பிடிக்கும், தைலத்தோடு வேறு ஏதாவது கலப்பு உண்டா. பதிலை எனக்கு எழுதுவதைவிட நேராகக் குழந்தைகள் வார்டில் சொல்லிவிட்டால் நல்லது.

அன்று மாலை உங்கள் தெரு வரை வந்தேன். கதவு பூட்டியிருந்தது.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
16-8-1974

சம்பூர்ணம்,

மூன்று வருஷத்தில் நீ எழுதிய முதல் கடிதம். அதை 'திரு' போட்டு ஆரம்பித்திருக்கிறாய். போகட்டும்.

உன் கடிதம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டியூட்டி டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாட்டில் பத்து மில்லி. நான் அடைப்பதில் லவங்கத் தைலம் தவிர வேறொன்றும் கிடையாது. அவர் வாங்கிக்கொண்டார், வேறெதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை நான் மதுராந்தகத்தில் ஊதுபத்திக்காரருக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தேன்.

ஆனால் அந்தப் பாட்டில் என்னுடையது என்று நீ ஏன் முடிவு கட்டுகிறாய்? அந்தக் கரையில் தைலம் விற்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோருடைய சரக்கையும் வாங்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் டர்ப்பன்டைன், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். என் ஏஜெண்ட் அருணகிரி சைக்கிளில் அந்தப் பக்கம் வருவது உண்மை. அவன் கடைகளுக்குத்தான் போடுகிறான்.

ஒன்று செய். பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் குச்சியால் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடு. சுத்தமான லவங்கத் தைலம் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். கலப்படமாக இருந்தால் மேலே மிதக்கும். மிதந்தால் அது என்னுடையது இல்லை.

நீ அதை ஏதோ விஷம்போல எழுதுகிறாய். நான் கம்பவுண்டர் வேலையை விட்டது விஷம் விற்பதற்கா? லவங்க மொட்டில் யூஜினால் என்று ஒரு சத்து இருக்கிறது. வாசனையும் அதுதான், மரத்துப்போகச் செய்வதும் அதுதான். நீ காலையில் பல் தேய்க்கிற பொடியில் அது இருக்கிறது. குளிக்கிற சோப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொளுத்துகிற ஊதுபத்தியில் இருக்கிறது. நம் ஊர்ப் பல் டாக்டர் பூவராகவன் ஒரு வெள்ளைப் பொடியோடு இதைக் குழைத்துத்தான் சொத்தைப் பல்லை அடைக்கிறார். புடவைப் பெட்டியில் பூச்சி வராமல் இருக்க உன் அம்மாவே இதைப் பஞ்சில் நனைத்து வைத்திருந்தாள், உங்கள் படாளம் வீட்டில். தலையணையில்கூட லவங்கம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனவள் நீ ஒருத்திதான்.

அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும். அதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

காசிநாதன்


சவுக்குமேடு
19-8-1974

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

சொன்னபடி செய்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, முனியம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குச்சியை உதறினேன். மூன்று துளி விழுந்தது. கொஞ்ச நேரம் மேலே நின்றது. பிறகு மூன்றும் மஞ்சள் மணி மாதிரி உருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. மேலே ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை.

"அடியில போச்சே, அப்டின்னா நல்லதா நர்சம்மா?" என்று முனியம்மா கேட்டாள்.

உங்கள் தைலம் சுத்தமானதுதான். கலப்படமாக இருந்திருந்தால் குழந்தையின் உடம்பில் இதில் பாதிதான் போயிருக்கும்.

விஷம் என்று நான் எழுதவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒன்பது வீட்டில் அதே பாட்டில். இரண்டில் லேபிள் மிச்சம் இருக்கிறது, மொட்டுப் படம் போட்டது. ஒருத்தி சொத்தைப் பல்லில் அப்படியே கவிழ்த்திருக்கிறாள், ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கிறது. ஒருவர் முழங்காலில் தேய்க்கிறார். இன்னொருத்தி வயிற்று உப்புசத்துக்கு நாலு மாதப் பிள்ளைக்குப் பாலில் ஒரு சொட்டு விடுகிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "சைக்கிள்காரருதான். எல்லாத்துக்கும் ஆவும்னாரு" என்றாள். உங்கள் அருணகிரி கடைகளுக்கு மட்டும் போடவில்லை.

லேபிளைப் படித்தேன். 'பல்வலிக்கு உடனடி நிவாரணம்' என்று இருக்கிறது. எத்தனை சொட்டு, எப்படித் தொட வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. பத்து வருஷம் கம்பவுண்டராக இருந்தவர் எழுதிய லேபிள் அது.

குழந்தையைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. சனிக்கிழமைவரை இங்கே அம்மை குத்தும் வேலை, நகர முடியாது. முனியம்மா கைப்பிள்ளைக்காரி, அவளும் போக முடியாமல் கிடக்கிறாள். தகப்பன் மட்டும் அங்கே இருக்கிறார்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
24-8-1974

சம்பூர்ணம்,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

முதலில் தகவல். குழந்தை கண் திறந்துவிட்டது. குளுகோஸ் ஏறுகிறது. ஆனால் கண் மஞ்சளாக இருக்கிறது. ஈரல் பாதித்திருக்கிறது, ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். முனியம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்வதா, முழுவதையும் சொல்வதா என்பது உன் இஷ்டம்.

சடையன் வார்டுக்கு வெளியே வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார். முதல் நாள் இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், யார் என்று சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவர் பொட்டலத்தை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, டெய்லி வர்ற. உன் வூட்டு ஆளு யாரு இங்க கீறாங்க?"

"யாரும் இல்லை."

"அப்பறம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது தர்ம ஸ்தாபனத்து ஆள் என்று சொன்னால் நம்பியிருப்பார். "அந்தத் தைலம் நான் அடைத்தது" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். கட்டுமரம் தள்ளுகிற கை, ஓர் அடி போதும். அவர் அடிக்கவில்லை.

"முனியம்மா ரெண்டு நாளா பல்லப் புடிச்சிகினு அழுதா. மாமல்லபுரம் கடைக்குப் போயி நான்தான் வாங்கியாந்தேன். பாயாண்ட வச்சதும் நான்தான். உன்ன அடிச்சா என்ன யாரு அடிக்கிறது?" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்குறேன். கொழந்த குடிச்சா இப்டி ஆவும்னு அதுல எழுதிக்கீதா?" என்று கேட்டார்.

"இல்லை."

"எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நீ எழுதியிருக்கணும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். இரண்டு இட்லி எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் நகர்த்தினார். தின்றேன்.

அருணகிரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், பல்லுவலிக்கு மட்டும்னு சொன்னா எவன் சார் வாங்குவான்?" என்றான். அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் மாதத்துக்கு இருநூறு பாட்டில் எடுத்துப்போகிறானே, இத்தனை பேருக்கா பல்வலி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது.

காசிநாதன்


சவுக்குமேடு
29-8-1974

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

முனியம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அழுதாள். பிறகு வலை காய வைக்கப் போனாள். பாட்டிலைப் பாயருகே வைத்தது தான்தான் என்று அவள் சொல்கிறாள். சடையனோ உங்களிடம் தான்தான் என்றிருக்கிறார். உண்மையில் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

சடையனிடம் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஒன்பது பாட்டிலை நான் வாங்கி வைத்துவிட்டேன். மற்றக் குப்பங்களில் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அருணகிரி போன வழி அவனுக்குத் தெரியும். அவனை அனுப்பிவிட்டால் மட்டும் பாட்டில்கள் திரும்பி வராது.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
8-9-1974

சம்பூர்ணம்,

அருணகிரியையே கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு சைக்கிள், ஏழு நாள். கோவளம் பக்கத்திலிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினம் வரை ஒரு குப்பம் விடவில்லை. கடைகளில் இருந்ததையும் சேர்த்து நூற்று நாற்பத்தாறு பாட்டில் திரும்பியிருக்கிறது. மீதி காலியாகியிருக்கும், அல்லது கொடுக்க மனமில்லாமல் ஒளித்திருப்பார்கள்.

கொடுக்க மனமில்லாதவர்கள் நிறையப் பேர். தேவனேரியில் ஒரு மீன்காரம்மா, ஆதியம்மாள் என்று பெயர், பாட்டிலை இடுப்பில் சொருகிக்கொண்டு தர மாட்டேன் என்றாள். குழந்தைக்கு ஆனதைச் சொன்னேன்.

"எங்கூட்ல கொழந்த இல்ல. எனக்கு மூணு பல்லு சொத்த. அத்த எடுத்துகினு போனா பதிலுக்கு இன்னா குடுப்ப?"

"செங்கல்பட்டில் டாக்டர் இருக்கிறார், போய்க் காட்டுங்கள்" என்றேன்.

"கூடைய யாரு தூக்குறது? ஒரு நாளு போனா அன்னிக்குக் கஞ்சி கெடையாது. வாங்குறதுக்கு வந்துட்ட, பேஜாரு பண்ணாத, போ."

பாட்டிலைப் பிடுங்காமல் வந்துவிட்டேன். ஒரு பஞ்சுத் திரியில் ஒரு சொட்டு, பல்லில் மட்டும் தொட வேண்டும், எச்சிலை விழுங்கக் கூடாது என்று அவள் எதிரிலேயே செய்து காட்டினேன். இதைச் செய்து காட்ட எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

சவுக்குமேட்டுக்கு வியாழக்கிழமை வந்தேன். நீ திருக்கழுக்குன்றத்தில் மீட்டிங் என்று போயிருந்தாய். உன் அறை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "நீங்க நர்சம்மாவுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள். செங்கல்பட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சாந்தாவை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பஸ் ஏற்றிவிட்டேன். சடையன் தோளில் படுத்துக்கொண்டு கண்டக்டரின் விசிலைப் பிடிக்கக் கை நீட்டியது.

காசிநாதன்


சவுக்குமேடு
15-9-1974

அன்புள்ள காசிநாதன் அவர்களுக்கு,

சாந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. மோரும் கஞ்சியும் இறங்குகிறது. வாரம் ஒருமுறை நான் பார்த்து எழுதி வைக்கிறேன்.

ஆதியம்மாள் கேட்டது நியாயம். வாங்கி வைத்த ஒன்பது பாட்டிலுக்கும் என்னிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்தக் கரையில் பல்லைப் பார்க்கிறவர் யாரும் இல்லை. உப்பு நீரில் கொப்பளி என்கிறேன். இரண்டாம் நாள் மறுபடியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

பல் டாக்டர் பூவராகவன் உங்களிடம்தானே தைலம் வாங்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே வருவாரா? என் நிலையத்தில் ஒரு மேசை, ஒரு முக்காலி, கொதிக்கிற தண்ணீர் உண்டு. வெளிச்சத்துக்கு வாசலில் உட்காரலாம். மேலிடத்தில் அனுமதி நான் வாங்கிக்கொள்கிறேன். பூவராகவனைக் கேட்பது உங்கள் பொறுப்பு.

அன்று வாசலில் உட்கார்ந்தவர் யார் என்று பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
25-9-1974

சம்பூர்ணம்,

பூவராகவன் முதலில் சிரித்தார். "ஞாயித்துக்கிழமைல நான் தூங்கவாணாமாய்யா?" என்றார். சாந்தாவின் கதையைச் சொன்னேன், பாட்டில் என்னுடையது என்பதையும் சேர்த்து. இப்போதெல்லாம் அதைச் சொல்வது பழகிவிட்டது. அக்டோபர் ஆறாம் தேதி வருவதாக ஒப்புக்கொண்டார். காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். தைலமும் வெள்ளைப் பொடியும் நான் கொண்டுவருகிறேன். பஞ்சும் துணியும் நீ வைத்திரு.

சில்லறைப் பாட்டில் அடைப்பதை நிறுத்திவிட்டேன். லேபிளைத் திருத்தி, திருகு மூடி போட்டு விற்கலாம் என்று அச்சாபீஸ்காரர் சொன்னார். சடையன் சொன்னது நினைவுக்கு வந்தது. படிக்கத் தெரியாத வீட்டுக்கு எந்த லேபிளை ஒட்டுவது? இனிமேல் ஊதுபத்திக்காரர், சோப்புக்காரர், பல் டாக்டர், இவர்களுக்கு மட்டும்தான். வியாபாரம் பாதியாகிவிட்டது. வேலையும் பாதியாகிவிட்டது.

காசிநாதன்


சவுக்குமேடு
12-10-1974

அன்புள்ள காசிநாதன் அவர்களுக்கு,

ஆறாம் தேதி வந்தவர்கள் ஐம்பத்து மூன்று பேர். பல் எடுத்தது இருபத்திரண்டு, அடைத்தது பத்தொன்பது. ஆதியம்மாள் மூன்றையும் எடுத்துக்கொண்டாள். ரத்தம் துப்பியபடியே திங்கட்கிழமை கூடை தூக்கினாளாம். முனியம்மாவின் பல் அடைத்தது நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு வரமுடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

அன்று நாள் முழுக்க நாம் பேசியது பஞ்சையும் வெந்நீரையும் பற்றி மட்டும்தான். கடைசி பஸ்ஸுக்கு நீங்கள் நடந்தபோது, சடையன் கூடவே வந்து உங்கள் பையை வாங்கிச் சுமந்ததைப் பார்த்தேன். கூப்பிட நினைத்தேன். உள்ளே போய் மிச்சப் பஞ்சை எடுத்து வைத்தேன்.

இப்போது ஒரு விஷயம். எனக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீடு அந்த ஊரில் இருக்கிறது என்பது காரணம் இல்லை. இங்கே நான் இல்லாவிட்டால் அடுத்த ஆள் வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் எத்தனை சாந்தா. ஆகவே நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இங்கேயே இருப்பதானால் எனக்கு ரேஷன் கார்டு வேண்டும். கார்டு இல்லாமல் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. என் பெயர் இன்னும் உங்கள் கார்டில் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்து என் பெயரை நீக்கி, அதற்குரிய சான்றிதழைத் தபாலில் அனுப்பிவைக்கவும்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
19-10-1974

சம்பூர்ணம்,

நீ எழுதியது தெளிவாகவே இருந்தது. இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் படித்தேன்.

நேற்று தாலுகா ஆபீஸுக்குப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். குமாஸ்தா கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா தவறிட்டாங்களா?" என்று கேட்டார். பெயரை நீக்குவதென்றால் பெரும்பாலும் அதற்குத்தான் வருகிறார்களாம்.

"இல்லை. மாமல்லபுரம் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அங்கே கார்டு வேண்டும்."

"திரும்பி வரமாட்டாங்களா?"

"வரமாட்டாள்."

"அப்ப நீங்க ஒத்த ஆளா இந்தக் கார்ட வச்சிகினு இங்க இன்னா பண்ணப் போறீங்க?"

அவர் சும்மா கேட்டதுதான். பேனாவை மையில் தொட்டுக்கொண்டிருந்தார், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். நான் யோசித்தேன். ஊதுபத்திக்காரருக்குச் சரக்கு பஸ்ஸில் போகிறது. அது எந்த ஊரிலிருந்து ஏறினாலும் போய்ச் சேரும். பூவராகவன் மாதம் ஒரு ஞாயிறு வர ஒப்புக்கொண்டுவிட்டார், அவருக்குக் கருவி கழுவிக் கொடுக்க அங்கே ஓர் ஆள் வேண்டும். இங்கே எனக்கென்று இருப்பது ஒரு பூட்டும் சாவியும்தான்.

குமாஸ்தாவிடம் சொல்லி எழுதி வாங்கிய சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பெயர் நீக்கப்பட்டிருக்கிறது.

நீ இதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. உன்னைக் கேட்காமல் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். அங்கே புது கார்டு எழுதும்போது இரண்டில் ஒரு பெயரை மட்டும் சேர்க்கச் சொன்னாலும் சேர்ப்பார்களாம், விசாரித்துவிட்டேன். ஒரு பெயர் போதும் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே எழுதச் சொல்லிவிடு. நான் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வேன். கார்டு கையில் வந்ததும் எத்தனை பெயர் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

காசிநாதன்